ஹவுசிங், ஓ-ரிங், உப்புத் தண்ணீர்: டர்பன் பக்கம் டைவிங் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே அம்கொமாஸில் படகுக்குக் காத்திருக்கும்போதும், வடக்கே சோட்வானா பே முகாமிலும், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகக் குரல் செய்தி அனுப்பிக் களைத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

புதியவர்களுக்கு மூன்று சொற்கள்: ஹவுசிங் என்றால் கேமராவை உள்ளே வைத்துப் பூட்டும் தண்ணீர் புகாத பெட்டி. ஓ-ரிங் என்றால் அதன் மூடி விளிம்பில் உட்காரும் ரப்பர் வளையம். போர்ட் என்றால் லென்ஸுக்கு முன்னால் வரும் கண்ணாடி.

அக்கா, என் கேமராவிலேயே வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கே, தனியா ஹவுசிங் எதுக்கு?

எத்தனை மீட்டர் வரை என்று சேர்த்துப் படியுங்கள். கோப்ரோ ஹீரோ வகைகளில் பெரும்பாலானவை வெறுமனே 10 மீட்டர் வரை தாங்கும். அதற்கென்று விற்கும் ஹவுசிங்கைப் போட்டால் 60 மீட்டர். ஒலிம்பஸ் டஃப் வகைகள் வெறுமனே 15 மீட்டர். அம்கொமாஸுக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் அலிவால் ஷோல் பாறைத்திட்டில் ராகி சுறா (ராக்ட்-டூத் சுறா) பார்க்க இறங்குகிற குகைகள் 15 மீட்டருக்கும் கீழே இருக்கின்றன. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. செல்போன்களில் போட்டிருக்கும் ஐபி68 நல்ல தண்ணீரில், அசையாமல் வைத்துச் சோதித்துக் கொடுத்த மதிப்பு. உப்புக் கடலுக்கும் அலைக்கும் அது பொருந்தாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, தானே தண்ணீர் தாங்கும் சிறிய கேமராவை வாங்கி அதற்கு ஹவுசிங்கும் போடுங்கள் என்பதுதான். ஹவுசிங்குக்குள் நாலு துளி போனாலும் கேமரா பிழைத்துக்கொள்ளும். பெரிய கேமராவுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

60 மீட்டர்னு எழுதியிருக்கு. நான் 18 மீட்டருக்குத்தான் போறேன். அப்ப பயமே இல்லைதானே?

எல்லோருக்கும் இருக்கிற நினைப்பு இது. ஆழம் கூடக்கூட லீக் ஆபத்தும் கூடும் என்று நினைக்கிறோம். உண்மை பெரும்பாலும் தலைகீழ். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. அந்த அழுத்தம் மூடியைப் பெட்டியோடு சேர்த்து இறுக்குகிறது. ஓ-ரிங்கும் நன்றாக நசுங்கி அடைத்துக்கொள்கிறது. குக்கர் வளையத்தை நினைத்துப் பாருங்கள்: ஆவி ஏறும்வரை புஸ்ஸென்று கசியும், ஏறியதும் கப்சிப். குக்கரில் உள்ளிருந்து தள்ளுகிறது, இங்கே கடல் வெளியிலிருந்து தள்ளுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் லீக் ஆகிற இடம் பெரும்பாலும் முதல் மூன்று மீட்டர், அல்லது தண்ணீர்ப் பரப்பு, அல்லது கரையில் கழுவுகிற தொட்டி. காரணமும் சின்னதாகத்தான் இருக்கும்: ஒரு முடி, ஒரு மணல், முறுக்கிக்கொண்ட ஓ-ரிங், பாதி மாட்டிய பூட்டு. இவை எல்லாம் கரையில், நம் கையால் நடப்பவை. இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் மேசையைப் பற்றியும் வாளியைப் பற்றியும் இருப்பதற்கு இதுவே காரணம்.

எழுதியிருக்கும் ஆழ அளவு பொய் என்று அர்த்தமில்லை. அதைத் தாண்டினால் சுவர் வளையும். அதற்கு முன்பே பட்டன்கள் அழுத்தத்தில் தானாக உள்ளே போய் நின்றுவிடும்.

பிளாஸ்டிக் நல்லதா, அலுமினியம் நல்லதா?

தண்ணீர் புகாமல் இருப்பதில் இரண்டும் ஒன்றுதான். ஓ-ரிங் இரண்டிலும் அதே ரப்பர். பாலிகார்பனேட் பெட்டிகள் பொதுவாக 40 முதல் 60 மீட்டர், அலுமினியப் பெட்டிகள் பெரும்பாலும் 100 மீட்டர். பிளாஸ்டிக்கில் எனக்குப் பிடித்தது உள்ளே தெரிவது: ஓ-ரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மூடிய பிறகும் பார்க்கலாம், துளி விழுந்தால் உடனே தெரியும். அலுமினியம் அடி தாங்கும், சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், பல வருடம் உழைக்கும். ஆனால் உப்பு அரிப்பு என்ற தலைவலி அதற்குத்தான். கீழே தனியாகச் சொல்கிறேன்.

புது ஹவுசிங் வந்திடுச்சு! இந்த சனிக்கிழமை நேரா கேமராவோட இறங்கிடவா?

வேண்டாம். முதலில் கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரும் மூழ்குவதற்கு ஒரு சின்ன டைவிங் எடையும் வைத்து மூடுங்கள். எடை உருண்டு போர்ட்டைக் கீறாமல் துணியில் சுற்றி வையுங்கள். வீட்டு வாளியில் அரை மணி நேரம் வைத்து ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பாருங்கள். பிறகு அதே நிலையில் ஒரு நிஜ டைவிங்குக்குக் கொண்டுபோங்கள். டிஷ்யூ மொடமொடப்பாகத் திரும்பி வந்தால் அடுத்த முறை கேமரா உள்ளே போகலாம். ஒரு டைவிங் வீண் என்று சலித்துக்கொள்வார்கள். சர்வீஸ் முடிந்து வரும் ஹவுசிங்குக்கும் இதே சோதனைதான்.

ஒவ்வொரு தடவையும் ஓ-ரிங்கைக் கழட்டி கழுவணுமா? ஒருத்தர் ஆமாங்கறார், இன்னொருத்தர் தொடவே கூடாதுங்கறார்.

பார்ப்பது ஒவ்வொரு முறை திறக்கும்போதும். கழற்றுவது டைவிங் நாளுக்கு ஒரு முறை, முந்தின இரவு. இரண்டு டைவிங்குக்கு நடுவே படகில் கழற்றிக்கொண்டிருந்தால் புதிய அழுக்கைத்தான் சேர்ப்பீர்கள்.

கழற்ற ஊசி, கத்தி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம். ஓ-ரிங்கை இரண்டு கட்டை விரலாலும் பள்ளத்தோடு ஒரே பக்கமாகத் தள்ளுங்கள். ஓரிடத்தில் வளைந்து மேலே எழும். அந்த இடத்தில் பழைய பிளாஸ்டிக் கார்டின் மூலையைக் கொடுத்தால் வந்துவிடும். பெட்டியின் பள்ளத்தில் ஒரு சிறு கீறல் விழுந்தால் புது ஓ-ரிங் வாங்கினாலும் தீராது. பள்ளத்தைத் துடைக்கப் பஞ்சு வேண்டாம், நூல் விடும். கண்ணாடி துடைக்கிற மைக்ரோஃபைபர் துணியைக் கார்டின் விளிம்பில் சுற்றி ஓட்டுங்கள். மூலை வளைவுகளில்தான் உப்பு ஒளிந்திருக்கும்.

பிறகு ஓ-ரிங்கை விரல் நுனிகளுக்கு நடுவே மெதுவாக ஓட்டுங்கள், இழுக்காமல். மணல் இருந்தால் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் சொல்லும். வெட்டு, தட்டையாகிப்போன இடம், வெடிப்பு எது தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது. எதுவுமே தெரியாவிட்டாலும் வருடத்துக்கு ஒன்று மாற்றுங்கள்.

கிரீஸ் நிறைய போட்டா நல்லா அடைக்கும்ல?

கிரீஸ் அடைக்காது. ஓ-ரிங் பள்ளத்தில் வழுக்கி, முறுக்காமல் உட்காரவே கிரீஸ். அதிகம் போட்டால் முடியையும் மணலையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு பச்சரிசி அளவு எடுத்து விரலில் தேய்த்து வளையம் முழுக்க ஓட்டினால் போதும். மேலே ஈரமான மினுமினுப்பு தெரிய வேண்டும், கட்டி தெரியக் கூடாது.

எந்தக் கிரீஸ் என்பதில் விளையாடாதீர்கள். பெரும்பாலான கறுப்பு ஓ-ரிங்குகள் நைட்ரைல் ரப்பர். அவற்றுக்குச் சிலிகோன் கிரீஸ் சரி. ஓ-ரிங்கே சிலிகோனாக இருந்தால் சாதாரண சிலிகோன் கிரீஸ் அதை ஊறி உப்ப வைத்துவிடும். அந்தத் தயாரிப்பாளர் கொடுக்கும் கிரீஸ் மட்டும்தான் போட வேண்டும். வாசலின் வேண்டாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஸ்ப்ரே டப்பாவில் வருகிற எதையும் ஹவுசிங் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கில் வெடிப்பு விடும். கொசு மருந்து பூசிய கையும் அப்படித்தான். சோட்வானாவில் சாயங்காலம் எல்லோர் கையிலும் கொசு மருந்துதான், அதனால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஹவுசிங்கைத் தொடுங்கள்.

டெண்டுக்குள்ளேயே வச்சு மூடலாமா? கடற்கரையில மூடலாமா?

கடற்கரையில் கூடவே கூடாது. சோட்வானா மணல் பொடிப்பொடியாக இருக்கும், கொஞ்சம் காற்று அடித்தால் எங்கும் ஏறும். டெண்ட் அதைவிடக் கொஞ்சம் மேல். நல்ல இடம் என்றால் ஃபேன் நிறுத்திய அறை, துடைத்த மேசை, அதன்மேல் வெளிர் நிறத்தில் நூல் விடாத துணி, பக்கத்தில் டார்ச். முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். நாய் வளர்க்கும் வீடு என்றால் நாய் படுக்காத அறை.

நேரம் முந்தின இரவு. காலை ஆறு மணிக்குப் படகோட்டும் ஸ்கிப்பர் ஹாரன் அடிக்கும்போது மூடுகிற ஹவுசிங்தான் மூழ்குகிற ஹவுசிங். மூடியதும் பூட்டு இரண்டு பக்கமும் முழுசாக விழுந்ததா என்று பார்த்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து விளிம்பைச் சுற்றி வாருங்கள். கேமராவின் கைப்பட்டை, சிலிகா பை, துணி நுனி எதுவும் நடுவில் மாட்டியிருக்கக் கூடாது.

உள்ளே பனி மாதிரி மூடிக்குது. லீக்கா?

பெரும்பாலும் லீக் இல்லை. டர்பனில் கோடையில் 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால், அந்தக் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே ஈரம் நீராகப் பிரியும். அதே காற்றைப் பெட்டிக்குள் அடைத்து 21 டிகிரிக் கடலில் இறக்கினால் போர்ட் உள்பக்கம் பனி படியாமல் என்ன செய்யும்? கேமரா ஓடும்போது வரும் சூடு இதை இன்னும் கூட்டும்.

ஏசி அறையில் ஏசி ஓடியபடி மூடுங்கள். 22 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று சுமார் 11 டிகிரிவரை பனி விடாது. மூடியபின் வெளியே திறக்காதீர்கள். ஒரு முறை திறந்தால் வெளிக்காற்று முழுக்க உள்ளே. ஏசி இல்லையென்றால் ஓரிரண்டு சிலிகா ஜெல் பைகளை ஓ-ரிங்கைத் தொடாத மூலையில் வையுங்கள். நிறம் மாறியவற்றைச் சமையல் ஓவனில் 120 டிகிரி போல் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் திரும்ப வேலை செய்யும். படகில் வெயிலில் வைக்காமல் ஈரத் துண்டு போர்த்தி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ரப்பர் டக் அலையில குதிக்கும்போது கேமராவைக் கையிலேயே வச்சுக்கலாமா?

வேண்டாம். நம் பக்கம் ஜெட்டி கிடையாது, ரப்பர் டக் என்கிற காற்றடைத்த படகு அலையை உடைத்துக்கொண்டுதான் வெளியே போகிறது. கால் பட்டையில், கை கயிற்றில் இருக்க வேண்டிய நேரம் அது. கேமராவைப் பிடித்திருக்கிறவர் கயிற்றைச் சரியாகப் பிடிப்பதில்லை. மூடி உள்ள மெத்தைப் பெட்டியில் போட்டு ஸ்கிப்பரிடம் ஏறும் முன்னே கொடுங்கள். துடுப்புக் காலணிகளும் எடைப் பெல்ட்டும் கிடக்கும் பெட்டியில் வைக்காதீர்கள். பூட்டு திறந்துகொண்ட கதைகள் பல அங்கிருந்து வந்தவை.

தண்ணீரில் பின்பக்கமாக விழும்போதும் கேமரா கையில் வேண்டாம். விழுந்த பிறகு ஸ்கிப்பர் கைப்பிடியைப் பிடித்துக் கொடுக்கட்டும். லைட் கைகளை (விளக்கைத் தாங்கும் கம்பிகளை) பிடித்துத் தூக்க வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். அலிவாலில் நீரோட்டம் பலமாக இருக்கும் நாளில் மேலே நின்று பார்க்க நேரமிருக்காது, எல்லோரும் உடனே இறங்குவார்கள். அப்போது மூன்று, நான்கு மீட்டரில் ஒரு பத்து நொடி போர்ட்டையும் விளிம்பையும் பாருங்கள். குமிழி வரிசையாக வருகிறதா? ஒரே இடத்திலிருந்து விடாமல் வந்தால் ஸ்கிப்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டன்களில் ஒட்டியிருந்த காற்று இரண்டு மூன்று குமிழியாகப் போவது சாதாரணம்.

முகாம் தொட்டியில எல்லார் கேமராவும் கிடக்குது, நானும் போட்டுட்டு சாப்பிடப் போகலாமா?

முக்கி எடுங்கள், விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தத் தொட்டியில் மாஸ்க்குக்குப் போடுகிற சோப்பு, சன்ஸ்கிரீன், மணல் எல்லாம் கலந்திருக்கும். மேலே யாராவது பெரிய லைட் கையோடு ஒரு ஹவுசிங்கைப் போட்டால் உங்கள் பட்டன் அமுங்கி, டோம் (அரைக்கோள வடிவப் போர்ட்) கீறி, சில சமயம் பூட்டும் தளரும். ஆழம் அரை மீட்டர்தான், ஆனால் இரண்டாவது கேள்வியில் சொன்னபடி ஓ-ரிங் சரியாக இறுகாத ஆழமும் அதுதான்.

வீட்டுக்கு வந்து குழாயில காட்டினா போதாதா?

போதாது. குழாய்த் தண்ணீர் வெளியே உள்ள உப்பை மட்டும் கழுவும். பட்டன் தண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் உள்ள உப்பு ஊறித்தான் கரையும். மூடிய நிலையில் வாளியில் அல்லது குழந்தை குளிப்பாட்டும் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். நடுநடுவே போய் எல்லா பட்டனையும் அமுக்குங்கள், எல்லா திருகையும் திருப்புங்கள். பிறகு தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. குழாயை விரலால் அடைத்துப் பீச்சி அடிப்பது, கார் கழுவும் பிரஷர் வாஷர் இரண்டும் வேண்டாம். எந்தப் பக்கத்திலிருந்து அழுத்தம் வரும் என்று ஓ-ரிங் எதிர்பார்க்கவில்லையோ அந்தப் பக்கத்திலிருந்து தள்ளும்.

முக்கியம் என்னவென்றால் உப்போடு காயவிடக் கூடாது. காய்ந்தால் படிகம் ஆகிவிடும், அது ஓ-ரிங்கை அறுக்கும். வழியில் கழுவ முடியாவிட்டால் ஈரத் துண்டில் சுற்றிக் கொண்டு வாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்தை நம்பிக் குடித்தனம் நடத்திய அந்த நாட்களைப் பார்த்த யாருக்கும் நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை, காரில் ஐந்து லிட்டர் கேன் இரண்டு எப்போதும் இருக்கட்டும்.

ஒரு பட்டன் அமுக்கினா உள்ளேயே நின்னுக்குது. எண்ணெய் விடவா?

எண்ணெய் வேண்டாம். அது உப்பு. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் பல மணி நேரம் ஊற வைத்து, அமுக்கி அமுக்கி விடுங்கள். பிளாஸ்டிக் ஹவுசிங்காக இருந்து அப்படியும் வராவிட்டால், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து அந்தப் பட்டன் மீது மட்டும் பத்து நிமிடம் வைத்து, பிறகு நன்றாகக் கழுவுங்கள். அலுமினியத்தில் வினிகர் நேரம் தாண்டினால் மேல்பூச்சைத் தின்னும், அதனால் அதற்கு நான் சொல்ல மாட்டேன். அடுத்த நாளும் அப்படியே நின்றால் தண்டில் உள்ள சின்ன ஓ-ரிங் போய்விட்டது; சர்வீஸ்.

அலுமினியத்துல ஸ்க்ரூவைச் சுத்தி வெள்ளைப் பொடி வருது, ஸ்க்ரூவும் வரமாட்டேங்குது.

இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று கரையும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். அந்த வெள்ளைப் பொடி உங்கள் பெட்டியின் ஒரு பகுதி. இதற்காகவே சில ஹவுசிங்கில் துத்தநாகத் துண்டு ஒன்று பொருத்தியிருப்பார்கள்; அலுமினியத்துக்குப் பதிலாக அது கரையும். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். அதைப் பெயின்ட் அடித்து அழகாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

லைட் கைகள், கைப்பிடி, ஹவுசிங் உட்காரும் டிரே இவற்றை மாதம் ஒரு முறையாவது கழற்றி, இடுக்கைக் கழுவி, திருகின் மரையில் துளி கிரீஸ் தடவி மாட்டுங்கள். இறுகிப்போன ஸ்க்ரூவை முறுக்கி உடைப்பதற்குப் பதில் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.

வேக்யூம் பம்ப் விலை அதிகமா இருக்கே, தேவையா?

பெரிய கேமரா என்றால் தேவை என்றே சொல்வேன். உள்ளே உள்ள காற்றில் ஐந்தில் ஒரு பங்கை உறிஞ்சிவிட்டு 20, 30 நிமிடம் காத்திருக்கிறோம். அழுத்தம் அப்படியே நின்றால் எங்கும் ஓட்டை இல்லை. விளக்கு பச்சையாக எரியும். கூடுதல் லாபம், மூடி கரையிலேயே இறுகிவிடுகிறது. முதல் மூன்று மீட்டர் ஆபத்து பாதி குறைகிறது.

இரண்டு எச்சரிக்கை. ஏசி அறையில் உறிஞ்சி வெயிலில் வைத்தால் உள்காற்று சூடாகி அழுத்தம் ஏறும், லீக் என்று பொய் எச்சரிக்கை வரும். நிழலில் வைத்து மறுபடி பாருங்கள். இரண்டாவது, பேட்டரி மாற்றத் திறந்தால் பழைய பச்சை விளக்குக்கு மதிப்பில்லை. முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும்.

ஜோபர்க்ல வீட்டில மூடிட்டு வந்தேன், இங்க வந்து திறக்கவே முடியலை!

ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் இங்கே இருப்பதில் 82 சதவீதம் போலத்தான். அந்தக் காற்றை அடைத்துக் கீழே கொண்டுவந்தால் கேட்காமலே வேக்யூம் போட்டதுபோல் ஆகிவிடும். மூடி 15க்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் அதன்மேல் 25 கிலோவுக்கு மேல் சுமை. ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள். வேக்யூம் வால்வோ கேபிள் துளையின் அடைப்போ இருந்தால் அதைத் தளர்த்துங்கள், உஸ்ஸென்று காற்று ஏறித் திறந்துவிடும். இல்லையென்றால் சூடான அறையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு முயலுங்கள்.

இதன் தலைகீழ்தான் உண்மையில் ஆபத்து. டர்பனில் மூடிய ஹவுசிங் வான் ரீனன் கணவாய் ஏறி ஜோபர்க் பக்கம் போனால் உள்காற்று வெளியே தள்ளும், ஓ-ரிங் பள்ளத்தைவிட்டு நகரலாம். வெளியே பார்த்தால் மூடியது மூடியபடியே இருக்கும். பிறகு பாஸ் லேக் போன்ற கல்குவாரிக் குளத்தில் இறங்கினால் தெரியும். எங்கே டைவிங்கோ அங்கே போய் மூடுங்கள். டர்பனிலிருந்து சோட்வானா முழுக்கக் கரையோர உயரம்தான், அதற்கு இந்தக் கவலை இல்லை.

விமானத்துல?

அதே காரணம். விமானத்தின் உள்ளே சுமார் 2,400 மீட்டர் உயரத்து அழுத்தம்வரை குறைக்கலாம். ஓ-ரிங்கைக் கழற்றித் தனிப் பையில் போடுங்கள், அல்லது வால்வைத் திறந்து வையுங்கள். லித்தியம் பேட்டரிகள் கைப்பையில். வெளிநாடு போகிறவர்கள் கேமராவையும் ஹவுசிங்கையும் கிளம்பும் முன் விமான நிலையச் சுங்கத்தில் பதிவு செய்துகொண்டால், திரும்பி வரும்போது எங்கே வாங்கினீர்கள் என்ற வாக்குவாதம் இருக்காது.

கீழே இருக்கும்போதே உள்ளே தண்ணி தெரிஞ்சா?

முதலில் உங்கள் உயிர், பிறகு கேமரா. மேலே பறக்காதீர்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம், பரப்புக்கு வரும் முன் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தையும் விடாதீர்கள். துணையாளருக்குச் சைகை காட்டிவிட்டுக் கேமராவை அணைத்து, போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ஏறுங்கள். தண்ணீர் போர்ட்டில் தங்கும். லென்ஸ் போனாலும் கேமராவின் உடம்பு பிழைக்க வழியுண்டு.

படகில் ஏறியதும் துடைத்துவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகப் பூட்டை விடுங்கள். ஆழத்தில் புகுந்த தண்ணீர் உள்காற்றை அழுத்தி வைத்திருக்கலாம், மூடி எகிறும்.

ஏம்மா, பேரன் கேமராவை உப்புத் தண்ணியில முக்கிட்டான். அரிசி மூட்டையில போட்டு வச்சிருக்கேன், சரியாகிடுமா?

ஐயா, அரிசியிலிருந்து எடுத்துவிடுங்கள். அரிசி ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும், உப்பை இழுக்காது; உள்ளே கருவியைக் கெடுப்பது உப்புதான். முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. உப்புத் தண்ணீர் பட்ட லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்து, பேட்டரி சேகரிக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். உப்பியிருந்தால் தொடாமல் இருப்பதே நல்லது.

மெமரி கார்டை எடுத்து நல்ல தண்ணீரில் அலசி இரண்டு நாள் காய வையுங்கள். படங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும். கேமராவை, பேட்டரி இல்லாமல், நல்ல தண்ணீரில் அலசி உடனே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். பேரனை ரொம்பத் திட்ட வேண்டாம். உப்புத் தண்ணீரில் முழுசாக ஊறியது திரும்பி வருவது அபூர்வம், திட்டினாலும் வராது. வீட்டு இன்சூரன்ஸில் ஆல் ரிஸ்க்ஸ் பகுதியில் கேமரா எழுதப்பட்டிருந்தால் கேட்டுப் பாருங்கள். டைவிங்கில் நனைவது அதில் அடங்குமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். ஹவுசிங்குக்குள் வைத்துத்தான் நனைந்தது என்றால், ஹவுசிங்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, மேலே சொன்னபடி ஊற வைத்து, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு டிஷ்யூ சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

டோம்ல கீறல் விழுந்திடுச்சு, மாத்தணுமா?

வெளிப்பக்கச் சின்னக் கீறல் என்றால் தண்ணீருக்குள் இறங்கியதும் பெரும்பாலும் மறைந்துவிடும். கீறலைத் தண்ணீர் நிரப்பிவிடுகிறது. அக்ரிலிக்கும் தண்ணீரும் ஒளியை வளைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. பாதி வெளியே பாதி உள்ளே படம் எடுக்கும்போதும் சூரியனைப் பார்த்து எடுக்கும்போதும் மட்டும் காட்டிக்கொடுக்கும். அக்ரிலிக் என்றால் அதற்கான பாலிஷ் துணியால் தேய்த்து எடுக்கலாம். உள்பக்கக் கீறல் எங்கும் மறையாது. கண்ணாடி டோமைத் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும்.

கேப் டவுன் போறேன், வேற ஏதாவது?

கேப் டவுனின் அட்லாண்டிக் பக்கம் கோடையில்தான் அதிகக் குளிர். தென்கிழக்குக் காற்று அடித்தால் 10, 12 டிகிரி சாதாரணம். பனி மூடும் பிரச்சினை இங்கே உள்ளதைவிட மோசமாக இருக்கும், அந்தப் பதிலை மறுபடி படித்துக்கொள்ளுங்கள். பேட்டரி சீக்கிரம் இறங்கும். தடித்த கையுறையோடு எல்லா பட்டனும் அமுங்குகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

ஆறு மாசம் டைவிங் இல்ல. எப்படி வைக்கணும்?

கழுவி, முழுசாகக் காயவைத்து, பூட்டைப் போடாமல் வையுங்கள். ஆறு மாதம் நசுங்கிக் கிடந்த ஓ-ரிங் தட்டையாகிவிடும். அதைக் கழற்றிச் சின்னப் பையில் போட்டு ஹவுசிங்குக்கு உள்ளேயே வைத்தால் தொலையாது. வெயில் படாத இடம். கார் டிக்கி வேண்டாம்.

ஜேகப்ஸ் பக்கம் ஹைட்ராலிக் கடையில அதே சைஸ் ஓ-ரிங் கொஞ்ச விலைக்குக் கிடைக்குதே, அதை ஏன் போடக் கூடாது?

பாதி சரி. பட்டன் தண்டுகள், சின்ன அடைப்புகள் இவற்றில் வருபவை பல சமயம் பொது அளவுகள்தான். உள்விட்டம், தடிமன் இரண்டையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து, அதே கடினத்தன்மையுள்ள நைட்ரைல் வாங்கினால் வேலை செய்யும்.

மூடியின் பெரிய ஓ-ரிங் வேறு கதை. அது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்கென்றே வார்த்தது, ஹைட்ராலிக் வளையத்தைவிட மென்மையானது. கடினமானதைப் போட்டால் கையால் மூடும் பூட்டுக்கு அதை நசுக்கும் பலம் இருக்காது. ஆழத்தில் பிடிக்கும், மேலே கசியும். நீளத்துக்கு வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று சொல்கிற கடைக்காரரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய ஹவுசிங் ஒண்ணு சல்லிசா வருது. எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில் அது எந்த கேமராவுக்கு என்று பாருங்கள். ஹவுசிங் ஒரு மாடலுக்கு மட்டும்தான் பொருந்தும். அந்த கேமரா நாளை கெட்டால் அதே மாடல் பழையது கிடைக்குமா? பிறகு ஓ-ரிங்கைக் கழற்றிப் பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். புள்ளிப் புள்ளியாக அரித்திருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் என்றால் பூட்டு, கீல் பக்கத்தில் சாய்த்துப் பாருங்கள், சிலந்தி வலை போன்ற நுண் வெடிப்பு தெரியும். அது நாளாக ஆகப் பெரிதாகும், குறையாது. எல்லா பட்டனும் அமுங்கித் தானாகத் திரும்ப வர வேண்டும்.

கடைசி சர்வீஸ் எப்போது என்று கேளுங்கள். தண்டு ஓ-ரிங்குகளை எல்லாம் கழற்றி மாற்றி, அழுத்தத் தொட்டியில் சோதிப்பதுதான் சர்வீஸ். அடிக்கடி டைவிங் போகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை, எப்போதாவது போகிறவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ரசீது இல்லையென்றால் சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிப் பேரம் பேசுங்கள். உதிரி ஓ-ரிங்கும் பட்டனும் இப்போதும் விற்பனைக்கு இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள். இல்லையென்றால் எவ்வளவு சல்லிசு என்றாலும் வேண்டாம்.